பால்டர்ஸ் கேட் 2: இமோயன் சிறையில், நாம் ஊர்சுற்றலில்

கல்தோல்:
2000-இல் வந்த கணினிக் கதையாட்டம், இன்றும் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அதன் இரண்டாம் அத்தியாயத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. வில்லன் மந்திரவாதி ஐரெனிக்கஸின் நிலவறையிலிருந்து தப்பி அத்கத்லா நகரில் கால் வைத்ததும், அனுமதியில்லாமல் மந்திரம் போட்டாள் என்று இமோயனைப் பிடித்துப் போகிறார்கள். நம்மோடு வளர்ந்தவள். மீட்க உதவ கேலன் பேல் என்ற இடைத்தரகன் 20,000 பொற்காசு கேட்கிறான். அப்புறம் நாம் என்ன செய்கிறோம்? சர்க்கஸ் கூடாரம், உமர் மலை, ட்ரேட்மீட் ஊர், ஒரு டிராகன் என்று கிளை வேலைகளில் சுற்றுகிறோம். கெடு என்று எதுவும் கிடையாது. 1997-இல் வந்த ஃபால்அவுட் ஆட்டத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரத்தின் சிப்பைக் கொண்டுவர 150 நாள்தான். அங்கே அவசரம் என்றால் அவசரம்.

வெள்ளெலி:
அந்தக் கெடு இங்கே இருந்திருந்தால் அத்கத்லாவில் பாதியை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். கையில் காசில்லாமல் தப்பி வந்தவன் கூலிக்கு வேலை செய்யாமல் என்ன செய்வான்? கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

கல்தோல்:
காசு சேர்ந்த பிறகும் சுற்றுகிறோமே, அதற்கு என்ன காரணம்? நம் துணையாள் நாலியா உதவி கேட்கும் அவளுடைய கோட்டைக்குப் போகாமல் இழுத்தடித்தால் அவள் சலித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விடுவாள். நாலியாவுக்கு உள்ள அவசரம் இமோயனுக்குக் கிடையாதா?

ஆறாம்_ஆள்:
நாலியா விஷயம் நல்ல பிடி. ஆனால் காசு சேர்ந்ததும் கப்பலேறிப் பாருங்கள், தெரியும். இமோயன் இருக்கும் ஸ்பெல்ஹோல்ட் சிறை, அப்புறம் பாதாள உலகம். ஆறாம் அத்தியாயம் வரை அத்கத்லாவுக்குத் திரும்ப வழியில்லை. பாதாளத்தில் மைண்ட் ஃபிளேயர் என்ற மூளைதின்னி அரக்கன் ஒவ்வொரு அடிக்கும் ஐந்து அறிவுப் புள்ளியை உறிஞ்சும். நம் குழுவின் போர்வீரன் மின்ஸ்குக்கு மொத்தமே எட்டு. இரண்டாவது அடியில் ஆள் காலி. கதை "ஓடு" என்கிறது, விதிகள் ஓடியவனைத்தான் தண்டிக்கின்றன.

வெள்ளெலி:
மின்ஸ்கை முன்னால் அனுப்பியது யார் தப்பு? மந்திரத்தால் வரவழைத்த உயிர்களை முன்னால் விட வேண்டிய இடம் அது.

ஆறாம்_ஆள்:
அந்த மந்திரம் தெரிகிற லெவலுக்கு வருவதே ஊர் சுற்றித்தானே! இன்னொன்று: ஸ்பெல்ஹோல்டில் இமோயன் கிடைக்கும்போது குழுவின் ஆறு இடமும் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். தேடி வந்தவளைச் சேர்க்க யாரையாவது கழற்றிவிட வேண்டும்.

வெள்ளெலி:
யோஷிமோவைக் குழுவில் வைத்திருந்தவனுக்கு இடம் தானாகவே காலியாகும். (ஆடாதவர்கள் இந்த வரியை மறந்துவிடுங்கள்.)

கல்தோல்:
சேர்த்தாலும் இமோயனுக்குப் பேச்சே குறைவு. மற்ற துணையாட்களில் ஜஹீராவும் ஏரியும் அவ்வளவு பேசுகிறார்கள். கெல்டார்னும் விக்கோனியாவும் ஒரே குழுவில் இருந்தால் கடைசியில் வாளையே உருவிவிடுவார்கள். யாருக்காக இத்தனை பாடோ, அவள்தான் நமக்கு அந்நியம்.

வெள்ளெலி:
அந்த சண்டையும் பேச்சும் நடப்பதற்குத்தான் அவகாசம் வேண்டும் என்கிறேன். கெடு வைத்தால் கெல்டார்ன் கோபப்பட நேரம் ஏது? உங்களுக்கு உறுத்தினால் முதலில் இமோயனை மீட்டுவிட்டு, மிச்ச வேலையை ஆறாம் அத்தியாயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தடுக்கவில்லை.

கல்தோல்:
அதற்குள் ஐரெனிக்கஸ் நம் ஆன்மாவையே பிடுங்கியிருப்பான். ஆன்மாவைத் தொலைத்தவன் வழியில் நின்று ஃபிர்க்ராக் டிராகனோடு மல்லுக்கட்டுவானா?

வெள்ளெலி:
அந்த டிராகனிடம் கார்சோமிர் என்ற அபூர்வ வாள் இருக்கிறதே. கட்டுவான்.