விற்பனை வேலையை விட்டு மேடை நகைச்சுவைக்கு வருகிறேன், வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன், தொண்டி என்று நம்ம கடற்கரை ஊர்களில் படகு எஞ்சின் விற்றுக்கொண்டிருந்தேன். நல்ல சம்பளம், கமிஷன், கம்பெனியில் மரியாதை எல்லாம் இருந்தது. போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். இனி முழுநேரமும் மேடை நகைச்சுவைதான்.

அவசரத்தில் எடுத்த முடிவில்லை. பாம்பனில் ஒருமுறை எஞ்சின் விலையை மீன் ஏலக்காரர் குரலில் கூவிக் காட்டினேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "எஞ்சினை அப்புறம் பார்ப்போம் தம்பி, அதை இன்னொரு தடவை பேசு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பை எந்தக் கமிஷனும் எனக்குத் தந்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயில் திருவிழா, கந்தூரி, சர்ச் திருவிழா மேடைகளில் தனி ஆளாக அரை மணி நேரம் பேச யாரை அணுக வேண்டும்? விழாக் கமிட்டியையா, பட்டிமன்றக் குழுக்களையா? புது ஆள் எவ்வளவு கேட்கலாம்? மதுரைப் பக்கம் புதியவர்களுக்கு மைக் கொடுக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். சென்னைக்குப் போகும் எண்ணம் இல்லை. என் பேச்சு இந்தக் கரையின் பேச்சு.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு இருக்காது, ஆனால் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அப்போது இலவசமாக நிகழ்ச்சி நடத்த ஆசை. இடமோ மைக் செட்டோ ஏற்பாடு செய்யக்கூடியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.