பொனான் மொழி: சீனம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். சீனாவில் பேசப்படும் பொனான் என்ற மங்கோலியக் குடும்ப மொழியைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதுகிறேன். அந்த மொழி எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

2010 கணக்கெடுப்பில் பொனான் இனத்தவர் சுமார் 20,000 பேர். ஆனால் அது இனக் கணக்கு, மொழிக் கணக்கு இல்லை. கான்சு மாகாணத்தின் ஜிஷிஷான் பகுதி முஸ்லிம்கள்தான் (கத்தி செய்வதில் பேர்போனவர்கள்) பெரும்பாலும் அதில் வருகிறார்கள். அவர்களில் பலர் சீனத்துக்கு மாறிவிட்டார்கள். சிங்ஹாய் மாகாணத்தின் தோங்ரென்னில் இதே மொழியைப் பேசும் பௌத்தர்களோ அரசுப் பதிவில் 'து' என்ற வேறு இனம்! அங்கே நெருக்குவது திபெத்திய மொழி.

ஒரு மொழி எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்று பார்க்க யுனெஸ்கோ 2003இல் தந்த ஒன்பது அளவுகோல்களில், பெற்றோர் பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசுகிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவை அப்புறம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடலாமா? மொழியியல் படித்தவர்கள் சொல்லுங்கள். சீனம் வாசிக்கத் தெரிந்தவர்கள், ஊர்வாரியான ஆய்வு ஏதும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், சுருக்கம் போதும். அப்படியே, மொழியின் 'vitality' என்பதற்கு உயிர்ப்பு, உயிராற்றல் இரண்டில் எந்தச் சொல் பொருந்தும்?