103 வெற்றி, 97 தோல்வி: லாபம் 17 பவுண்டாகச் சுருங்கியது எப்படி?

தேம்ஸ்கரை:
வணக்கம். நான் லண்டனில் வசிக்கிறேன். பந்தயம் கட்டுவோரே ஒருவருக்கொருவர் எதிராகப் பணம் வைக்கும் பரிமாற்றத் தளம் ஒன்றில், இந்தப் பருவத்தில் 200 வெவ்வேறு கால்பந்து ஆட்டங்களுக்குத் தலா 20 பவுண்டு வைத்தேன். அனைத்தும் 2.00 விலையில், அதாவது வென்றால் வைத்த தொகைக்குச் சமமான லாபம் தரும் விலையில் வைத்தவை. 103 வென்றன, 97 தோற்றன. ஆகவே 120 பவுண்டு லாபம் வந்திருக்க வேண்டும். கணக்கில் ஏறியிருப்பதோ 17 பவுண்டுதான். தளத்தின் கமிஷன் 5 சதவீதம் என்பதை அறிவேன். 120 பவுண்டில் 5 சதவீதம் என்றால் 6 பவுண்டுதானே?

கணக்கன்:
நண்பரே, நீங்கள் ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபத்தின் மீது கமிஷனைக் கணக்கிடுகிறீர்கள். தளமோ ஒவ்வோர் ஆட்டத்திலும் நீங்கள் பெறும் நிகர லாபத்தின் மீது கணக்கிடுகிறது. தோற்ற 97 ஆட்டங்களுக்கு அது எதையும் திருப்பித் தருவதில்லை. வென்ற ஒவ்வொரு முறையும் 20 பவுண்டில் ஒரு பவுண்டு போயிற்று, ஆக மொத்தம் 103 பவுண்டு. பெயரளவில் 5 சதவீதமாக இருப்பது உங்கள் உண்மையான லாபத்தில் ஏறத்தாழ 86 சதவீதம். இதே பந்தயங்களை 2 சதவீதம் வாங்கும் தளத்தில் வைத்திருந்தால் 41 பவுண்டு 20 பென்ஸ் கழிந்து, 78 பவுண்டு 80 பென்ஸ் மிஞ்சியிருக்கும். 2.00 விலையில் நட்டமில்லாமல் தப்புவதற்கே 5 சதவீதக் கமிஷனில் நூற்றுக்கு 51.3 வெற்றியும், 2 சதவீதத்தில் 50.5 வெற்றியும் வேண்டும்.

பழைய ரசீது:
இதைப் படித்துவிட்டு, கமிஷனே வாங்காத புக்மேக்கரிடம் (தானே விலை வைத்து, தானே எதிர்த்தரப்பாக நின்று பந்தயம் ஏற்கும் நிறுவனத்திடம்) போய்விடலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அங்கே கட்டணம் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சமபலமுள்ள இரு தரப்புக்கும் 1.91 விலை, அதாவது 20 பவுண்டுக்கு 18 பவுண்டு 20 பென்ஸ் லாபம், தருவது அங்கே வழக்கம். அந்த விலையில் உங்களுடைய இதே 103 வெற்றிகள் 65 பவுண்டு 40 பென்ஸ் நட்டத்தில் முடிந்திருக்கும்.

பந்தயத் தொகையின் மீதே விழும் கட்டணம் இதைவிடக் கொடியது. பிரிட்டனில் 2001 அக்டோபர் வரை பந்தயக் கடைகளில் 9 சதவீதம் பிடித்தார்கள். பணம் வைக்கும்போதே அதைக் கட்டியிருந்தால் உங்கள் 4,000 பவுண்டுக்கு 360 பவுண்டு ஆகியிருக்கும், லாபத்தைப் போல மூன்று மடங்கு. ஜெர்மனியில் இன்றும் பந்தயத் தொகையின் மீது 5.3 சதவீத வரி இருக்கிறது. அதைச் சில நிறுவனங்கள் வாடிக்கையாளரிடமிருந்தே பிடித்துக்கொள்கின்றன.

வடகரை:
பணம் போடும் வழியையும், எடுக்கும் வழியையும் பாருங்கள். கணக்கு யூரோவிலும் வங்கி பவுண்டிலும் இருந்து, மாற்றும்போதெல்லாம் ஒரு சதவீதம் போகுமானால், 1,000 பவுண்டு போட்டு எடுப்பதற்குள் ஏறத்தாழ 20 பவுண்டு கரைந்து, அந்த 17 பவுண்டும் நட்டமாகிவிடும். கடன் அட்டையில் போட்ட பணத்தை ரொக்கமாக எடுத்ததற்குச் சமமாகக் கருதி, அதற்கும் வங்கிகள் தனிக் கட்டணம் விதித்து வந்தன. 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் பந்தயத்துக்குக் கடன் அட்டையைப் பயன்படுத்தவே தடை வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாணயத்தை 200 முறை சுண்டினாலும் 103 தலை விழுவது மிகச் சாதாரணம். ஏழெட்டு கூடுவதும் குறைவதும் இயல்பு. ஆகவே உங்கள் 120 பவுண்டு திறமையால் வந்ததென்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. கமிஷனோ அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, ஒவ்வொரு வெற்றியிலும் தவறாமல் பிடிக்கப்படும். இதை எண்ணாமல் பந்தயத் தொகையை உயர்த்திவிடாதீர்கள் என்று உண்மையான அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தேம்ஸ்கரை:
மூவருக்கும் நன்றி. என் கணக்கும் வங்கியும் பவுண்டிலேயே இருப்பதால் மாற்றுச் செலவு இல்லை. அடுத்த பருவத்தில் தொகையை 50 பவுண்டாக்க எண்ணியிருந்தேன், அதைக் கைவிட்டுவிட்டேன். கடந்த இரண்டு பருவங்களின் பதிவுகளையும் எடுத்து, ஒவ்வொரு வெற்றியிலும் கமிஷனைக் கழித்து, முதலிலிருந்து கூட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.