கலைச்சொல் உதவி: ‘டிவைன் ஃபெமினைன்’, வெள்ளிக்குள் வேண்டும்

ம.செ. (திங்கள் இரவு)

குழுவினருக்கு வணக்கம். ஆதித் திருச்சபைக் காலத்துப் பெண்குரல்களைத் தமிழாக்கி, முதுகலை மாணவர்களுக்கு ஒரு வாசிப்பு நூலாகத் தொகுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சிறையில் மறைசாட்சி பெர்பேத்துவா எழுதிய குறிப்பு (கி.பி. 203), விவிலியத்தில் சேராத மரியாள் நற்செய்தி, எகிப்தில் கிடைத்த நாக் ஹம்மாதி சுவடிகளில் ஒரு பெண்குரல் பேசும் ‘இடி’ என்ற பாடல், சிரியாக் (அரமேயத்தின் ஒரு கிளை) மொழியிலுள்ள சாலொமோன் கீதங்களில் 19ஆவது (உன்னதப்பாட்டு அல்ல, இது வேறு) எல்லாம் முடிந்தன. மூன்றாம் பகுதியின் தலைப்பு மட்டும் நிற்கிறது. ‘டிவைன் ஃபெமினைன்’ (கடவுளைப் பெண்ணாக, பெண் இயல்போடு காண்பது) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

‘தெய்விகப் பெண்மை’ என்று போட்டிருந்தேன். “கல்யாண வாழ்த்துமடல் மாதிரி இருக்கு மிஸ்” என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னது சரி. பெண்களைப் புகழ்கிற தொடர் அது, கடவுளைப் பற்றிய தொடர் அல்ல.

கு.வே. (திங்கள் இரவு)

அக்கா, ‘தெய்விக’ வேண்டவே வேண்டாம். இறை என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. பெண் + இறை = பெண்ணிறை. நான்கெழுத்து அடிச்சொல்லாக நிற்கும்: பெண்ணிறையியல், பெண்ணிறை வழிபாடு என்று எத்தனை சொல் வேண்டுமானாலும் கிளைக்கும். ஆங்கிலத்தை அப்படியே பெயர்ப்பதை விட இது மேல்.

இரா.ந. (செவ்வாய் காலை)

தம்பி, புணர்ச்சியைக் கவனிக்கவில்லை. பெண் + நிறை என்றாலும் பெண்ணிறைதான். கண் + நீர் கண்ணீர் ஆவது போல. “மகளிர் நிறைகாக்கும் காப்பே தலை” என்ற குறளைப் படித்த எவரும் இதைக் கற்பு என்றே பிரிப்பார். கடவுளைப் பற்றிய அதிகாரத்துக்குக் கற்பைப் பற்றிய தலைப்பு வைத்தது போலாகிவிடும்.

தொல்காப்பியரிடம் போவோம். சொல்லதிகாரம் நான்காம் நூற்பாவில் பெண்மை சுட்டிய, ஆண்மை திரிந்த உயர்திணைப் பெயர்ச்சொல், “தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவி” இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறார். இவற்றுக்குத் தமக்கென்று பால் காட்டும் ஈறு இல்லை; உயர்திணைப் பாலாகப் பிரிந்து ஒலிக்கும் என்கிறார். அதாவது தமிழில் தெய்வம் என்ற சொல் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. வினைமுற்றுதான் அதைச் சொல்லும். ஆகவே தலைப்புக்கு முன்னால் உங்கள் வினைமுற்றுகளைப் பார்க்க வேண்டும், அம்மா. அந்தக் கீதத்தை இங்கே இடுங்கள்.

ம.செ. (செவ்வாய் மதியம்)

ஐயா, தொடக்கம் இது:

“ஒரு கிண்ணம் பால் எனக்குத் தரப்பட்டது, ஆண்டவரின் தயவின் இனிமையில் அதைப் பருகினேன். மகன்தான் கிண்ணம். கறக்கப்பட்டவர் தந்தை. கறந்தவள் தூய ஆவி.”

சிரியாக்கில் ரூஹா (ஆவி) பெண்பால். வினையும் பெண்பால். முதலில் ‘கறந்தவர்’ என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் பாட்டில் பெண்ணே இல்லை.

அ.ஜோ. (செவ்வாய் இரவு)

‘கறந்தவள்’ எனக்கு நெருடுகிறது. எங்கள் பாட்டி “பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து” என்றுதான் சிலுவை போடுவார். போர்த்துக்கீசியச் சொல் என்று அவருக்குத் தெரியாது. பிறகு பரிசுத்த ஆவி வந்தது, தூய ஆவியார் வந்தது. ஆவி என்றால் அஃறிணை. இட்லிக் கொப்பரையில் எழுவதும் ஆவி, செத்தவர் வருவதும் ஆவி. அதனால்தான் ‘ஆனவர்’ சேர்த்து உயர்த்தினார்கள். அந்த ‘அர்’ விகுதியை எடுத்துவிட்டு ‘அள்’ போட்டால் கோயிலில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு மரியாதை போனதாகத்தான் கேட்கும். ‘அன்னை ஆவி’ எனலாமா என்று யோசித்தேன். எங்கள் பக்கம் அன்னை என்றாலே மாதா, ஆகவே அதுவும் சரிப்படாது.

தெ. (புதன் காலை)

நான் கொப்டிக் (பழைய எகிப்திய மொழி; நாக் ஹம்மாதி சுவடிகளின் மொழி) படிக்கிறவள், அதனால் இடைபுகுகிறேன்.

‘ஆவியானவர்’ எதை மூடுகிறது என்று பாருங்கள். ஆதியாகமம் 1:2: “தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்.” எபிரேயத்தில் அந்த ‘அசைவாடும்’ என்ற சொல் பெண்பால். உபாகமம் 32:11இல் கழுகு தன் குஞ்சுகளின் மேல் அசைவாடுவதற்கும் அதே வேர். நீதிமொழிகள் 8இல் வாசலில் நின்று கூவுகிறவளை “ஞானம் கூப்பிடுகிறதில்லையோ?” என்று ஒன்றன்பாலாக்கிவிட்டோம். ஓர் இடத்தில் பலர்பால், மற்றோர் இடத்தில் ஒன்றன்பால். பெண்பால் மட்டும் எங்கும் வரவில்லை.

இன்னொரு சான்று. பிலிப்பு நற்செய்தியில் (இதுவும் நாக் ஹம்மாதிச் சுவடிதான்) ஒரு வாதம்: மரியா தூய ஆவியால் கருவுற்றாள் என்போர் தவறுகிறார்கள், ஒரு பெண்ணால் இன்னொரு பெண் கருவுற்றது எப்போது? ‘ஆவியானவர்’ என்று வைத்தால் இந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. சிரியாக் காதுள்ளவருக்குத்தான் இந்த வாதம் தோன்றும். நான்காம் நூற்றாண்டில் சிரியாக் எழுத்தாளர் அஃப்ராஹத்தும், மணமாகாத ஆணுக்குத் தந்தை கடவுள், தாய் தூய ஆவி என்று இயல்பாக எழுதுகிறார்.

அ.ஜோ. ஐயா, மரியாதை பற்றி: அம்மாவை “வந்தாங்க” என்போம். அம்மனை “வந்தாள்” என்போம். ‘அள்’ நெருக்கத்தின் விகுதியும்தான்.

கு.வே. (புதன் மதியம்)

அப்படியானால் ‘இறைவி’.

அ.ஜோ. (புதன் மதியம்)

இறைவி என்றால் இறைவனின் துணைவி என்றாகும். விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமை மறக்க வேண்டாம்: ஆவி எபிரேயத்தில் பெண்பால், கிரேக்கத்தில் அலிப்பால், லத்தீனில் ஆண்பால், கடவுளுக்குப் பால் இல்லை என்பதே இதன் பாடம் என்றார். சொல்லின் பாலைக் கடவுளின் பாலாக்கலாமா? ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து சிரியாக்காரர்களே தூய ஆவிக்கு ஆண்பால் வினை போடத் தொடங்கிவிட்டார்களே.

தெ. (புதன் மாலை)

ஜெரோம் சொன்னது சரி, ஐயா. ஆனால் மூன்று மொழியிலும் மூன்று பால் இருந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. ஒன்றை அழித்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. பெண்பாலைக் கைவிட்டதும் ஒரு வரலாறு. முதலில் அது இருந்தது என்று தெரிந்தால்தான் மாணவருக்கு அந்த வரலாறு தெரியும்.

இரா.ந. (புதன் இரவு)

கீதத்தைப் பலமுறை படித்தேன். ‘பால்’ என்ற சொல் என்னை விடவில்லை. பகு என்னும் வேரிலிருந்து பகுதி, பகல், பால் (பிரிவு). ஆண்பாலும் பெண்பாலும் அந்தப் பால். குடிக்கும் பால் வேறு வேர் என்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாய் தன்னிலிருந்து பகுத்துத் தருவதுதானே அது? ஊழுக்கும் பால் என்று பெயர், அதுவும் பகுக்கப்பட்டது. சிரியாக்கில் இல்லாத ஒரு நயம் தமிழில் தானாக வந்து விழுந்திருக்கிறது. இதை ஓர் அடிக்குறிப்பாகவேனும் சேர்க்க வேண்டுகிறேன்.

தலைப்புக்கு ‘அணங்கு’ என்பேன். “அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ.” பெண், தெய்வம், அஞ்சத்தக்க ஆற்றல் மூன்றும் ஒரே சொல்லில்.

ம.செ. (வியாழன் காலை)

ஐயா, பால் குறிப்பைச் சேர்க்கிறேன், உங்கள் கருத்து என்று சொல்லியே. அணங்கு அழகுதான், ஆனால் வருத்துவது என்ற பொருளும் கூடவே வரும். இந்தக் கீதத்தில் வருத்தம் இல்லை, ஊட்டுதல் இருக்கிறது.

ஒன்று இப்போதுதான் உறைத்தது. கறக்கப்படுபவர் தந்தை. முலைகள் நிறைந்திருந்தன என்று பாட்டு சொல்வது தந்தையைத்தான். அப்படியானால் ஆவி மட்டும் பெண் அல்ல. தந்தைக்குள்ளும் பெண்மை இருக்கிறது. ‘இறைவி’ இதைத் தாங்காது. ‘இறைப்பெண்மை’ தாங்கும்: இறையிடத்து உள்ள பெண்மை. சிற்றாசியாவில் இருந்த பிரிகியாவின் பெப்பூசா ஊரில் ஒரு பெண் தீர்க்கர், கிறிஸ்து ஒளிவீசும் ஆடையில் பெண்வடிவில் வந்து தன்னுள் ஞானத்தை வைத்ததாகச் சொன்ன செய்தியை நான்காம் நூற்றாண்டு ஆயர் எப்பிபானியுஸ் எழுதி வைத்திருக்கிறார் (பிரிஸ்கில்லாவா குவின்டில்லாவா என்று அவருக்கே உறுதியில்லை). அதற்கும் இந்தச் சொல் பொருந்தும். நாளை அச்சகம். இறைப்பெண்மைக்கு யார் யார் இசைவு?

கு.வே. (வியாழன் மதியம்)

பெண்ணிறையை விட மனமில்லை. ஆனால் இசைவு.

அ.ஜோ. (வியாழன் மாலை)

தலைப்புக்கு இசைவு. ‘கறந்தவள்’ பக்கத்தில் சிரியாக் வினை பெண்பால் என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும்.

தெ. (வியாழன் நள்ளிரவு)

அக்கா, தாமதத்துக்கு மன்னிக்கவும், நான் இசையவில்லை. ‘பெண்மை’ தமிழில் வெறும் சொல் அல்ல. “அச்சமும் நாணும் மடனும்” என்று தொல்காப்பியமே அதற்குள் வைத்துவிட்டது. ‘இடி’யில் பேசுகிறவள் “நானே போற்றப்படுகிறவள், நானே இகழப்படுகிறவள், நானே மனைவி, நானே கன்னி” என்கிறாள். அவளிடம் அச்சமும் இல்லை, மடமும் இல்லை. மரியாள் நற்செய்தியில் பேதுரு நம்ப மறுத்தபோது மரியாள் அழுகிறாள், ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. இவர்களை ‘பெண்மை’ என்ற சொல்லின் கீழ் வைக்க எனக்குக் கை வரவில்லை. மாற்றுச்சொல் கேட்டால் இன்று என்னிடம் இல்லை.

ம.செ. (வெள்ளி காலை)

கோப்பு காலை ஒன்பதரைக்கு அச்சகம் போய்விட்டது. தலைப்பு இறைப்பெண்மை, பாட்டில் கறந்தவள், குறிப்புகள் மூன்று. தெ., நீ எழுதியதை முன்னுரையின் கடைசிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறேன், உன் சொற்களிலேயே. மெய்ப்பு செவ்வாய்க்கிழமை வரும். அதற்குள் வேறு சொல் கிடைத்தால் எழுது.

இரா.ந. (வெள்ளி மாலை)

அணங்கு என்பதற்கு வருத்தம் மட்டுமே பொருள் அன்று. சங்கப் பாடல்களிலிருந்து மேற்கோள்கள் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.