'தெய்வவழிப் பெயர்' – மாரியப்பனை வைத்து ஒரு பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

தெய்வத்தின் பெயரை உள்ளடக்கிய ஆட்பெயரை ஆங்கிலத்தார் 'தியோஃபோரிக்' பெயர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்மொழியப்பட்ட 'இறைப்பெயர்', 'இறைதாங்கிப் பெயர்' இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. இறைப்பெயர் என்றால் தெய்வத்தின் பெயர் என்றே பொருள்படும். 'தாங்கி' என்றதும் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்தான் கண்முன் வந்து நிற்கிறது. 'தெய்வவழிப் பெயர்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

எங்கள் சேலத்துப் பெயர் ஒன்றையே உரைத்துப் பார்ப்போம். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நின்று "மாரியப்பா!" என்று கூப்பிட்டால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கும், அம்மை கண்டு பிழைத்த பிள்ளைக்கும் அவள் பெயரை வைப்பது வழக்கம். கபிலர் பாரியோடு சேர்த்துப் பாடிய மாரி வெறும் மழைதான். அதே சொல் இங்கே அம்மனாகி, 'அப்பன்' சேர்ந்து ஆண்பெயராகிவிட்டது. காளியப்பனும் செல்லியப்பனும் இந்த வார்ப்புதான். மாரியப்பன் மாரியல்லன், மாரியின் வழியாகப் பெயர் பெற்றவன். அதனால்தான் 'வழி' என்கிறேன்.

இந்தப் பெயரை உலகறியச் செய்தவர் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். தாண்டியவர் மாரியப்பன், ஆங்கிலச் செய்திகள் பலவற்றிலோ அவர் வெறும் 'தங்கவேலு'. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு! அந்தத் தங்கவேலுவிலும் முருகனின் பெயர் இல்லை, அவன் கை வேல்தான் இருக்கிறது. 'இறைப்பெயர்' என்று வரையறுத்தால் இதை எங்கே சேர்ப்பது? 'தெய்வவழி' என்றால் வேலுக்கும் இடமுண்டு.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 'தந்தைவழிப் பெயர்', 'இடவழிப் பெயர்' என்று உடன்பிறந்த சொற்களும் அதே வாய்பாட்டில் கிடைத்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரே இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. ஏற்காட்டு உச்சியில் குகைக்கோயிலில் இருக்கும் சாமி சேர்வராயன். மலைக்கும் அதே பெயர்; வெள்ளைக்காரர் வாயில் அது 'ஷெவராய்' ஆயிற்று. ஒருவருக்குச் சேர்வராயன் என்று பெயரிட்டால் அது தெய்வவழியா, இடவழியா? தெய்வவழி என்றே நான் வகைப்படுத்துவேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.