மியூனிக்கில் ஆறு மாதப் பயிற்சிப் பணி: இந்த மூன்று அறைகளில் எதை எடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் முதல் மார்ச் முடிய மியூனிக்கில் ஒரு நிறுவனத்தில் இன்டர்னாகச் சேரவிருக்கிறேன். பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதி என்பதால் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இதற்குப் பொருந்தாது. பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் ஏறத்தாழ 1,100 யூரோ. அங்குள்ள பல்கலைக்கழகம் எதிலும் நான் மாணவனாகப் பதிவு செய்யப் போவதில்லை என்பதால் மாணவர் விடுதிக்கும் வழியில்லை. ஒரு மாதத் தேடலுக்குப் பிறகு மூன்று அறைகள் கைக்கெட்டும் நிலையில் உள்ளன.

முதலாவது, நகர மையத்தில் தனி அறை, எல்லாம் சேர்த்து 560 யூரோ. உரிமையாளர் தற்போது வேறு நாட்டில் இருப்பதால், முன்பணத்தையும் முதல் மாத வாடகையையும் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்கிறார். இரண்டாவது, மூவர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை, 640 யூரோ. அங்கு வசிப்பவர் ஆறு மாதம் வெளியூர் செல்வதால் எனக்கு உள்வாடகைக்குத் தருகிறார். ஆனால் அந்த முகவரியில் அன்மெல்டுங், அதாவது அரசு அலுவலகத்தில் முகவரிப் பதிவு, செய்ய முடியாது என்கிறார். மூன்றாவது, ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு மூதாட்டி தம் சொந்த வீட்டில் விடும் சாமான்களுடன் கூடிய அறை, 430 யூரோ, அன்மெல்டுங் செய்யலாம். வாடகையை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் மலிவு. ஆனால் நாள்தோறும் வேறு நகரத்திலிருந்து வேலைக்குச் சென்று வருவது சரிப்படுமா என்பதே என் தயக்கம்.

முதல் பதில்

முதலாவதை இப்போதே மறந்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், தபாலில் வரும் சாவி, பார்ப்பதற்கு முன்பே பணம் என்ற மூன்றும் ஒரே கடிதத்தில் வந்தால் அங்கே அறையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். படங்கள் வேறொரு விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கும். கடவுச்சீட்டின் நகலைக் கேட்டாலும் அனுப்பாதீர்கள். அடுத்த ஏமாற்று விளம்பரத்தில் அது உங்கள் பெயரோடு உலவும்.

இரண்டாவதில் சிக்கல் வேறு வகையானது. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்திற்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்து குறுகிய காலம் தங்குபவருக்கு மூன்று மாதம் வரை விலக்கு உண்டு; ஆறு மாதம் இருக்கப் போகும் உங்களுக்கு அது உதவாது. பதிவுக்கு வீட்டில் இடம் தருபவரின் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். உள்வாடகைக்குத் தருபவரே அதில் கையெழுத்திடலாம். இருந்தும் அவர் மறுக்கிறார் என்றால், வீட்டு உரிமையாளரின் அனுமதியைப் பெறாமல் அறையை விடுகிறார் என்றுதான் ஐயப்பட வேண்டியிருக்கிறது. உரிமையாளருக்குத் தெரியவந்தால் உங்களுக்கு அறை விடுபவரின் ஒப்பந்தமே ரத்தாகலாம். பனிக்காலத்தின் நடுவில் நீங்கள் தெருவில் நிற்க நேரும்.

பதிவு இல்லாததன் விலையையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். வரி அடையாள எண் பதிவுக்குப் பிறகுதான் அந்த முகவரிக்குத் தபாலில் வரும். அது இல்லாவிட்டால் ஊதியத்தில் கூடுதலாக வரி பிடிக்கப்படலாம். பல வங்கிகள் பதிவுச் சான்று இல்லாமல் கணக்குத் தொடங்குவதில்லை. எனவே என் தேர்வு ஆக்ஸ்பர்க்தான்.

இரண்டாம் பதில்

முதல் இரண்டு அறைகளைப் பற்றி மேலே சொல்லப்பட்டதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆக்ஸ்பர்க்கைப் பற்றி மட்டும், அங்கிருந்து ஓராண்டு போய்வந்தவன் என்ற முறையில், சற்று நிதானிக்கச் சொல்கிறேன். வட்டார ரயில் முக்கால் மணி நேரத்தில் மியூனிக் மத்திய நிலையத்தை அடைந்துவிடும் என்பது உண்மை. அந்த முக்கால் மணி நேரம் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்திற்கு மட்டுமே. வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து அலுவலகம், தாமதமாகும் ரயில் எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கிடுங்கள். அரை மணி நேரத்தில் செல்லும் விரைவு ரயில் ஐசிஇ-யில் டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடெங்கும் உள்ளூர், வட்டாரப் போக்குவரத்துக்கான மாதாந்திரப் பயணச்சீட்டு) செல்லாது. அந்த டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. மியூனிக்கிலேயே தங்கினாலும், அலுவலகம் நடக்கும் தொலைவில் இல்லாவிட்டால், அதை வாங்கத்தான் போகிறீர்கள் என்பதால் அதைப் பயணத்தின் கூடுதல் செலவாகக் கருத வேண்டியதில்லை. கேள்வி பணத்தைப் பற்றியதல்ல, நாளுக்கு மூன்று மணி நேரத்தைப் பற்றியது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்குமா என்பதை முதலில் கேளுங்கள். அனுமதித்தால் ஆக்ஸ்பர்க் நல்ல முடிவு.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் ஓர் இன்டர்ன் விட்டுச் செல்லும் இருக்கையில்தான் அடுத்தவர் அமர்கிறார். செப்டம்பர் இறுதியில் உங்கள் பிரிவிலிருந்து யாரேனும் கிளம்பினால், அவர் காலி செய்யும் அறையும் அதே நாளில்தான் காலியாகும். மனிதவளப் பிரிவுக்கு எழுதி, உங்கள் கோரிக்கையை அந்த இன்டர்ன்களுக்கு அனுப்பி வைக்கக் கேளுங்கள். விளம்பரத்திற்கே வராத அறைகள் இப்படித்தான் கைமாறுகின்றன. நானும் கடைசியில் மியூனிக்குக் குடிபெயர்ந்தது அந்த வழியில்தான். தொழிற்பயிற்சி பெறுபவர்களுக்காகக் கோல்பிங் போன்ற அமைப்புகள் நடத்தும் இளைஞர் விடுதிகளிலும் இடம் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, நீங்கள் தேடும் காலம் ஆண்டிலேயே மிக மோசமான காலம். பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா நடப்பதால் தற்காலிகத் தங்குமிடங்களும் விலையேறிவிடும். நேரில் வந்து தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். கிளம்பும் இன்டர்ன் தம் அறையை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். ஆனால் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. ஆக்ஸ்பர்க் அம்மையாருடன் காணொளியில் பேசி அறையையும் பார்த்துவிட்டேன். அடிப்படை வாடகை 350, வெப்பமூட்டல் முதலியவற்றுக்கு 80 என்று பிரித்துச் சொன்னார். முன்பணமாக மூன்று மாத வாடகையாகிய 1,290 யூரோவை ஒரே தவணையில் கேட்கிறார். இது வழக்கம்தானா? பயிற்சி முன்கூட்டியே முடிந்துவிட்டால் என்ன செய்வது?

மூன்றாம் பதில்

கணக்கு சற்றுத் தவறியிருக்கிறது. ஜெர்மனியக் குடிமைச் சட்டத்தின் 551-ஆம் பிரிவின்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. துணைச் செலவுகளை அதில் சேர்க்க முடியாது. ஆக உங்கள் உச்சவரம்பு 1,050 யூரோ. அதையும் மூன்று சம மாதத் தவணைகளாகச் செலுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. முதல் 350 யூரோவைக் குடியேறும்போது கொடுத்தால் போதும். அம்மையார் ஏமாற்றுகிறார் என்று நினைக்கத் தேவையில்லை. எப்போதாவது ஓர் அறையை விடுபவர்கள் இந்த வேறுபாட்டை அறியாமல் மொத்த வாடகையை மூன்றால் பெருக்கிவிடுகிறார்கள். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுப் பணிவாக எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, "ஆறு மாதத்திற்கு" என்று காலவரம்பு எழுதாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. காலவரம்புள்ள ஒப்பந்தத்தை இடையில் சாதாரணமாக முறித்துக்கொள்ள முடியாது. உரிமையாளர் தாமே வசிக்கும் வீட்டில், சாமான்களோடு தனி ஒருவருக்கு விடும் அறை என்றால், காலவரம்பற்ற ஒப்பந்தத்தை எந்த மாதத்தின் 15-ஆம் தேதிக்குள்ளும் எழுத்தில் அறிவித்து அந்த மாத இறுதியிலேயே முடித்துக்கொள்ளலாம். வழக்கமான மூன்று மாத அறிவிப்பு இதற்குத் தேவையில்லை. ஆனால் அம்மையாருக்கும் இதே உரிமை உண்டு என்பதால், மார்ச் வரை இருக்கப் போவதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அந்த 80 யூரோவில் மின்சாரமும் இணையமும் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். பல இடங்களில் மின்சாரம் தனி. பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணமாகிய மாதம் 18.36 யூரோ ஆளுக்கல்ல, வீட்டுக்கு ஒன்று. அம்மையார் ஏற்கெனவே செலுத்துகிறார் என்றால், பதிவு செய்தபின் உங்களுக்கு வரும் கடிதத்திற்கு அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் முடிந்தது. குடியேறும் நாளில் சுவர், தரை, மெத்தை ஆகியவற்றின் நிலையைப் படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் குறிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அன்றே அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். அங்கே தபால்காரர் பார்ப்பது பெட்டியில் உள்ள பெயரைத்தான். பெயர் இல்லாவிட்டால் வரி எண் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.