தஸ்தயேவ்ஸ்கி பத்தின ரஷ்யப் படம், சப்டைட்டில் வேணும்

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். 'தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்வில் இருபத்தாறு நாட்கள்'னு அலெக்ஸாண்டர் ஸார்ஹி எடுத்த ரஷ்யப் படம் இருக்கு இல்லையா, அதுக்கு டைமிங் சரியா இருக்கற சப்டைட்டில் யார்கிட்டயாவது இருக்கா? தமிழ்ல இருந்தா ரொம்ப சந்தோஷம், இங்கிலீஷ்னாலும் ஓகே. எனக்குக் கிடைச்ச ஃபைல் கால் மணி நேரத்துலயே பின்தங்கிப் போகுது, பாதிக்கு மேல வசனமே இல்ல.

1866 அக்டோபர்ல நடக்கற கதை. நவம்பர் 1க்குள்ள நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி புது நாவல் குடுக்கலைன்னா அவர் எழுதறதையெல்லாம் ஒன்பது வருஷம் காசே குடுக்காம அவரோட பதிப்பாளர் போட்டுக்கலாம்னு ஒப்பந்தம், கடன் வேற கழுத்த நெரிக்குது, அப்பதான் அன்னாங்கற இருபது வயசுப் பொண்ணு ஷார்ட்ஹேண்ட் எழுத வர்றாங்க, இவர் சொல்லச் சொல்ல அவங்க எழுதி 'சூதாடி' நாவலயே முடிச்சுடறாங்க. அடுத்த பிப்ரவரில ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆயிடுச்சு!

தஸ்தயேவ்ஸ்கியா நடிச்ச அனதோலி சொலனீத்சினுக்கு 1981 பெர்லின் விழால சிறந்த நடிகர் விருது கிடைச்சுது. அந்த மனுஷன் முகத்தப் பாத்தாலே நமக்குப் பதறுது, ஆனா முழுக்க முழுக்க ரெண்டு பேர் பேசிக்கற படம், என்ன பேசறாங்கன்னு புரியாம எப்படிப் பாக்கறது?

அப்பாவுக்கு தஸ்தயேவ்ஸ்கின்னா உயிர், தமிழ்ல வந்த மொழிபெயர்ப்பெல்லாம் தேடித்தேடிப் படிச்சவர். அவரோட உக்காந்து பாக்கணும்னு ஆசை. ரஷ்யன் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாலும் சொல்லுங்க, விட்டுப்போன வசனங்கள மட்டும் எழுதித் தந்தா டைமிங் நானே போட்டுக்கறேன்.